விமானப் பயணமும் காலக் கணக்கும்

சென்னையினின்று மும்பைக்கு இருப்புப்பாதை வழி ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர். ஆகாய மார்க்கமோ 1,030 கிலோமீட்டரளவே. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் தபாற் பைகளுடன் பம்பாயினின்று புறப்பட்ட நெவில் வின்சென்ட் என்னும் விமானி, பெல்லாரியில் இரவு தங்கி மறுநாட் சென்னை சேர்ந்தார்.

இன்றைய விமானம் மணிக்கு 800 கிலோமீட்டரளவு விரைவது. அவ்வாறாயின் ஒன்றேகால் மணிக்குச் சற்று மேற்படவே செல்லுதல் வேண்டும். ஆயினும் கால அட்டவணை ஏறத்தாழ இரண்டு மணி காட்டுவதென்னை? ஓடுபாதைக்கு ஊர்ந்து சேர்தலும், மேலேறுதலும், இறங்குதற்கு முறை நோக்கிக் காத்தலும் அதனுள் அடங்குமன்றோ?

மயிலாப்பூரினின்று மீனம்பாக்கஞ் செல்லுங் காலமும், ஆங்குச் சோதனைக்கு நிற்குங் காலமும் அதனுட் சேரா. இவற்றைக் கூட்டின், வானிற் கழியும் நேரத்தினும் நிலத்திற் கழிவதே மிகுதல் உண்டு. ஆதலின், நேர்முகத் தேர்வுக்கேனும் நோயுற்ற உறவினரைக் காண்டற்கேனும் செல்லும் நாம், வீட்டு வாயில் முதலாகவே காலத்தைக் கணக்கிட்டுப் புறப்படுவோமாக.