மலையில்லாக் கரையில் நடைப்பயணம்

கோடை வெப்பம் ஏறத் தொடங்கியதும் நுவரெலியாவையும் பண்டாரவளையையும், கடல் கடந்து கொடைக்கானலையும் நாடிச் செல்வோர் பலர். குளிர்ச்சி அதற்கு ஒரு காரணம். உயரம் மற்றொரு காரணம். மலைப்பாதையில் ஏறிச் செல்பவருக்கு ஒவ்வொரு திருப்பமும் புதியதொரு காட்சியைத் தருகின்றது. உச்சியை அடைந்தால் நாடு காலடியில் விரிகின்றது. இவ்வின்பத்தை எதிர்பார்த்து மன்னாருக்கு வருபவர் முதலில் ஏமாற்றமே அடைவர். அங்கே ஏறுவதற்கு மலையுமில்லை, குன்றுமில்லை. எனினும், நடந்து காணத்தக்க கரைகளுள் மன்னாருக்குத் தனியிடம் உண்டு. மலைநாட்டில் உயரம் செய்யும் வேலையை இங்கே நீர்மட்டம் செய்கின்றது. முழங்காலளவு நீர் ஏறினாலும் வடிந்தாலும் நிலத்தின் தோற்றமும் அதில் வாழும் உயிர்களும் மாறிவிடுகின்றன. இதனை மனத்திற்கொண்டு நடப்பவர்க்கே மன்னாரின் சிறப்புப் புலப்படும்.

மன்னார்த் தீவு ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. இராமேசுவரத்தை நோக்கி வடமேற்கே நீண்டு கிடக்கும் மணற்பூமி. பெருநிலத்திலிருந்து அதனை அடைய, ஆழமற்ற கடலுக்குக் குறுக்கே சுமார் 3 கிலோமீற்றர் நீளமுள்ள பாதை உண்டு. அப்பாதையின் முடிவிலே நாற்கோணமாக நிற்பது மன்னார்க் கோட்டை. போர்த்துக்கேயர் அதனை 1560ஆம் ஆண்டில் அமைத்தனர். 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். பாக்கு நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவிற்கும் இடையே வள்ளங்கள் செல்லக்கூடிய வழிகள் மிகச் சில. அவற்றுள் ஒன்றைக் காத்து நின்றமையே இக்கோட்டையின் முக்கியத்துவத்திற்குக் காரணம்.

காலை நடைக்கு முதலில் தெரிந்துகொள்ளத்தக்க இடம், அப்பாதையின் பெருநிலப் பக்கத்தில் உள்ள வங்காலைச் சரணாலயம். 4,839 எக்டேர் பரப்புள்ள இந்நிலம் 2008ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. கார்த்திகை முதல் பங்குனி வரை இங்கே பூநாரைகளும், ஊசிவால் வாத்துகளும், கருவால் மூக்கன்களும் ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. வாத்துகளிலும் மூக்கன்களிலும் பெரும்பாலானவை வடவாசியாவின் பனிக்காலத்திற்கு அஞ்சிப் பல்லாயிரம் கிலோமீற்றர் பறந்து வருபவை. தெற்கே இலங்கைக்கு அப்பால் அவை தங்குவதற்கு நிலமில்லை. பரந்த சமுத்திரமே உண்டு. ஆகவே இது அவற்றின் வழியில் கடைசித் தங்குமடம்.

இவை இவ்விடத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் நீரின் ஆழமின்மையே. பூநாரை தன் நெடிய கால்களால் சேற்றைக் கலக்கி, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நுண்ணுயிர்களை வடித்துண்ணும். மூக்கன்கள் நீண்ட அலகினால் சேற்றைக் குத்திப் புழு தேடும். நீர் ஆழமாயின் மூக்கனுக்கு இரை எட்டாது. நிலம் உலர்ந்தால் இரை அழியும். இங்குக் கடலின் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. அச்சிறு வேறுபாட்டிற்குள்ளேயே இத்தனை பறவைகளின் வாழ்வும் அடங்கியுள்ளது.

நகரை அடைந்தபின் பள்ளிமுனைச் சாலையிலே பெருக்கமரத்தைக் காணலாம். ஆபிரிக்காவிற்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்பது பரவலான கருத்து. அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர். மரம் உயரமன்று, பருமனே வியப்பூட்டுவது. மழைக்காலத்து நீரை மென்மையான அடிமரத்தில் சேமித்து வைத்து, வறண்ட மாதங்களில் இலையுதிர்த்து நிற்பது அதன் இயல்பு. நன்னீர் அருமையான இத்தீவில் அது வேரூன்றி நிலைத்ததில் வியப்பில்லை.

நகரிலிருந்து பனந்தோப்புகளினூடே செல்லும் பாதை தலைமன்னாரில் முடிகின்றது. 1914ஆம் ஆண்டில் இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பற் போக்குவரத்துத் தொடங்கியது. 1964 டிசம்பரில் வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திற்கு ஓடிய கப்பலும் 1984இல் நின்றது. போர்க்காலத்தில் நின்றுபோன புகையிரதம் 2015ஆம் ஆண்டில் தலைமன்னாருக்கு மீண்டும் வந்தது. பழைய இறங்குதுறையும் வெளிச்சவீடும் இன்றும் காணத்தக்கவை. அவற்றிற்கு அப்பால் தனுஷ்கோடி வரை, ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு, இராமர் அணை எனப்படும் மணற்றிட்டுகள் தொடர்கின்றன. இவ்வூர் மீனவர் இவற்றைத் ‘தீடை’ என்பர். சோளகக் காற்றும் வாடைக் காற்றும் மாறி வீசுந்தோறும் நீரோட்டமும் மாறுதலால், தீடைகளின் வடிவமும் மாறுகின்றது.

கடலின் இம்மாற்றங்களைப் பெருநிலக் கரையிலும் காணலாம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் பாலாவியின் கரையில் உள்ளது. அதன் அயலிலே, மாந்தையில், மாதோட்டம் என்னும் பெருந்துறைமுகம் இருந்தது. 1980களில் நடந்த அகழாய்வுகளில் சீனத்திலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்த மட்கலங்கள் கிடைத்தன. இன்று அங்கே கப்பலுமில்லை, துறையுமில்லை. தெற்கே, அருவியாறு கடலோடு கலக்கும் பகுதியில், அரிப்பு என்னும் ஊர் உள்ளது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் இங்கே ஒரு மாளிகை கட்டினார். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில் அவ்வளம் குன்றியது. மாளிகையின் எஞ்சிய சுவர்களையோ கடல் அரித்துக்கொண்டிருக்கின்றது. மாந்தையில் துறை மறைந்தது. அரிப்பிலே கரை மறைகின்றது.

இயற்கை செய்யும் மாற்றம் இவ்வாறிருக்க, மனிதர் செய்யும் மாற்றமும் இன்று சேர்ந்துள்ளது. 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. அவற்றின் ஆற்றல் சுமார் 100 மெகாவாற்று. நிலக்கரியும் எண்ணெயும் இறக்குமதி செய்யும் நாட்டிற்குக் காற்றின் மின்சாரம் வேண்டியதே. ஆயினும் அவற்றிற்காக உயர்த்திய பாதைகளும் அடித்தளங்களும் மழைநீர் கடலுக்கு வடிவதைத் தடுக்கின்றன என்பது ஊர்மக்களின் முறைப்பாடு. பறவைகளின் வழி மறிபடும் என்ற அச்சமும் உண்டு. மேலும் காற்றாலைகள் அமைப்பதையும் கனிம மணல் அகழ்வதையும் எதிர்த்து 2025ஆம் ஆண்டில் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினர்.

இவ்வழக்கின் இரு பக்கத்தையும் எடைபோடுவோர் நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. மலைநாட்டில் ஒரு பாதையை ஓரடி உயர்த்தினால் எவரும் அதனைக் கவனியார். மன்னாரிலோ அவ்வோரடி ஒரு கிராமத்தின் முற்றத்தில் வெள்ளத்தை நிறுத்தக்கூடும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாகத் தங்குவதனாலேயே இங்குள்ள ஆழமற்ற கிணறுகள் ஊறுகின்றன. மணலை அகழ்ந்தால் அந்நன்னீருக்குக் கேடு நேரும் என்று குடிகள் அஞ்சுவது காரணமற்றதன்று.

மன்னாரை நடந்து காண விரும்புவோர்க்குத் தைமாதம் முதல் பங்குனி வரையுள்ள காலம் ஏற்றது. வெயில் ஏறுமுன் புறப்படுதல் நன்று. மணல்வெளியில் நிழல் கிடையாது, குடிநீரையும் உடன் கொண்டுசெல்லல் வேண்டும். சேற்று நிலத்தில் இறங்காமல் பாதையோரத்திலிருந்தே பறவைகளை நோக்குதல் வேண்டும். ஒருமுறை அஞ்சி எழும் கூட்டம், நெடும்பயணத்திற்காகச் சேர்த்த வலிமையைச் செலவழித்தே மீண்டும் அமர்கின்றது. தீடைகளுக்கு உரிய அனுமதியின்றிப் படகேறுதல் ஆகாது. உள்ளூர் மீனவரைக் கேட்டால், நீர் எங்கே நிற்கும், எங்கே வடியும், எந்தக் காற்றில் எந்தக் கரை அமைதியாயிருக்கும் என்பதை அவர்கள் சொல்வர். அவ்வறிவைப் பயணிகள் கேட்டு நடப்பதுபோல, இத்தீவில் எதையேனும் கட்டவோ தோண்டவோ முனைவோரும் முதலிற் கேட்டுக்கொள்வார்களாயின், மன்னார் தன் மக்களுக்கும் பறவைகளுக்கும் உரிய இடமாக நிலைத்திருக்கும்.