கொஞ்சம் தள்ளி உட்காருங்க!

“கணினியில் கச்சிதமாக இருந்த என் இணையப் பக்கம், கைபேசியில் மட்டும் வலப்பக்கம் பிதுங்கி நிற்கிறது. எல்லாப் பெட்டிகளையும் சுருங்கத்தானே சொல்லியிருக்கிறேன்?” இணைய வடிவமைப்பு கற்றுவரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. சில வாரங்களில் முழு வல்லுநராக்கிவிடுவதாக விளம்பரம் செய்யும் பயிற்சிகள் பெரும்பாலும் இதை நின்று பார்ப்பதில்லை. செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் அதுவே முழுப் பக்கத்தையும் எழுதிவிடுமே என்பார்கள். எழுதும்தான். பக்கம் பிதுங்கினால், காரணம் தெரியாதவர் மறுபடி மறுபடி எழுதச் சொல்லிக்கொண்டிருப்பார்; தெரிந்தவர் ஒரு வரி சேர்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்.

பெட்டிகளை வரிசையாக அடுக்க இன்று பெரிதும் பயன்படுவது, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் ஃப்ளெக்ஸ்பாக்ஸ். ஒரு தாய்ப்பெட்டி, அதற்குள் பக்கம் பக்கமாகப் பிள்ளைப்பெட்டிகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று எண்கள் உண்டு. பேசிஸ் என்பது அது விரும்பும் அகலம். க்ரோ என்பது இடம் மிஞ்சினால் விரியும் பங்கு. ஷ்ரிங்க் என்பது இடம் போதாவிட்டால் சுருங்கும் பங்கு. நாம் எதுவும் எழுதாவிட்டால் அதன் மதிப்பு 1.

கைபேசித் திரையின் அகலம் 360 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பெட்டிகள் 100, 200, 300 கேட்கின்றன. மொத்தம் 600, பற்றாக்குறை 240. மூன்றுக்கும் ஷ்ரிங்க் 1 என்பதால் ஆளுக்கு 80 குறையும் என்றுதான் புதியவர்கள் கணக்குப் போடுவார்கள். அப்படிக் குறைத்தால் 100 கேட்ட சின்னப் பெட்டிக்கு 20 மட்டுமே மிஞ்சும். 300 கேட்டதோ 220-இல் சொகுசாக இருக்கும். உலாவி அப்படிச் செய்வதில்லை. ஷ்ரிங்க் எண்ணை, பெட்டி கேட்ட அகலத்தால் பெருக்கி, அந்த விகிதத்தில் பற்றாக்குறையைப் பிரிக்கிறது. 40, 80, 120 குறைந்து, 60, 120, 180 என்று நிற்கின்றன. பெரியது அதிகம் விட்டுக்கொடுக்கிறது. விரியும்போது இந்தப் பெருக்கல் கிடையாது. மிச்ச இடம் க்ரோ எண்களின்படியே பிரியும். வளரும்போது யாரும் காணாமல் போய்விடப் போவதில்லை. சுருங்கும்போதுதான் சிறியதைக் காப்பாற்ற வேண்டும். இவ்வளவு நியாயமான கணக்கு ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் ஓசையில்லாமல் நடக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

டவுன் பஸ்ஸில் மூன்று பேர் இருக்கையில் நான்காவது ஆள் வந்து நிற்கும்போது நடப்பதும் இதுதான். “கொஞ்சம் தள்ளி உட்காருங்க” என்றதும், கால் பரப்பி உட்கார்ந்திருந்த பெரியவர் நிறைய ஒடுங்குகிறார்; ஓரத்துச் சிறுவன் ஓர் அங்குலம் நகர்கிறான். ஆனால் நடுவில் ஓர் அம்மா மடியில் பலாப்பழத்தோடு இருக்கிறார். அவர் ஒடுங்கலாம், பழம் ஒடுங்காது. பழத்தின் அகலத்தைத் தொட்டதும் அவர் நகர்வது நின்றுவிடும். அவர் தராத இடத்தை மற்றவர்கள்தான் கூடுதலாக நெருங்கித் தர வேண்டும். அதில் இன்னொருவருடைய பெட்டி இடித்தால் அவரும் நின்றுவிடுவார். மிச்சமிருப்பவர்களிடம் மறுபடி கேட்க வேண்டும். எல்லோரும் நின்ற பிறகும் இடம் போதாவிட்டால், கடைசி ஆள் பாதி உடம்போடு நடைபாதையில் தொங்குவார். கண்டக்டர் எவ்வளவு கத்தினாலும் பலாப்பழம் சுருங்காது.

உலாவியும் சுற்றுச் சுற்றாகவே கணக்குப் போடுகிறது. மேலே சொன்ன சின்னப் பெட்டியில் 90 பிக்சல் நீளமுள்ள ஒரே சொல் இருக்கிறது என்றால், அது 60-க்குச் சுருங்க முடியாது. முதல் சுற்றில் அது 90-இல் உறைகிறது. மிச்சம் 270-ஐ மற்ற இரண்டும் பங்கிட்டு 108, 162 என்று நிற்கின்றன. மூன்றிலும் உள்ள நீளமான சொற்களின் கூட்டல் 360-ஐத் தாண்டினால், பக்கம் பிதுங்கும். ஃப்ளெக்ஸ் பிள்ளைகளின் மின்-விட்த், அதாவது குறைந்தபட்ச அகலம், இயல்பாகவே ‘ஆட்டோ’ என்று இருக்கிறது. உள்ளடக்கத்தின் உடைக்க முடியாத மிக நீளமான துண்டுக்குக் கீழே போகாதே என்பதே அதன் பொருள். வாசகரின் பெட்டிகளைத் தடுப்பதும் அதுவே.

தமிழில் பக்கம் அமைப்பவர்களுக்கு இது கூடுதல் தொல்லை. நம் மொழி விகுதிகளையும் சாரியைகளையும் சொல்லோடு ஒட்டிக்கொண்டே போகும். ‘பல்கலைக்கழகங்களுக்கிடையேயான’ என்ற ஒரு சொல்லை மூன்று பத்தி வரிசையில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் அழகாக அடங்கிய அதே வடிவமைப்பு, தமிழுக்கு மாற்றியதும் பிதுங்குவது இதனால்தான். எழுத்துருவைக் குறை சொல்லிப் பயனில்லை.

தீர்வுகள் பல, ஒவ்வொன்றும் வேறு முடிவைத் தரும். மின்-விட்த் 0 என்று எழுதினால் பெட்டி சுருங்கும், ஆனால் சொல் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். ஓவர்ஃப்ளோ-ரேப் பண்புக்கு ‘எனிவேர்’ என்று கொடுத்தால் சொல் நடுவில் உடையும். குறைந்தபட்ச அகலமும் அதற்கேற்பக் குறையும். அதே பண்புக்கு ‘பிரேக்-வேர்ட்’ என்று கொடுத்தாலும் சொல் உடையும், ஆனால் குறைந்தபட்ச அகலக் கணக்கில் அது சேராது. எனவே ஃப்ளெக்ஸ் பெட்டி சுருங்காது. கேட்க ஒன்றுபோல இருக்கும் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பலர் மணிக்கணக்கில் தவிக்கிறார்கள். ஃப்ளெக்ஸ்-ரேப்பை இயக்கினால், நெருக்கிப் பார்ப்பதற்கு முன்பே, இடம் கொள்ளாத பெட்டி அடுத்த வரிக்குப் போய்விடும். வாசிப்பவருக்கு எது வசதி என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் வடிவமைப்பு.

வரலாறு சுருக்கமாக: சிஎஸ்எஸ் யோசனையை ஹோகன் வியூம் லீ 1994-இல் முன்வைத்தார், முதல் பதிப்பு 1996-இல் தரமானது. பக்கத்தைப் பத்திகளாகப் பிரிக்க முறையான வழி அதில் இல்லாததால், அட்டவணைகளையும், பிறகு படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதற்கென வந்த ஃப்ளோட்டையும் வைத்துப் பல ஆண்டுகள் ஒப்பேற்றினார்கள். ஃப்ளெக்ஸ்பாக்ஸின் முதல் வரைவு 2009-இல் வந்தது; இலக்கணம் இரண்டு முறை மாறி, 2012-இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. பழைய பாடங்களில் ‘டிஸ்ப்ளே: பாக்ஸ்’ என்று கண்டால் ஒதுக்கிவிடுங்கள்.

கற்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பண்புப் பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள். அவற்றை எந்த நேரமும் தேடிக்கொள்ளலாம். மூன்று பெட்டிகளை எழுதுங்கள். திரையைப் பார்ப்பதற்கு முன்பே ஒவ்வொன்றின் அகலமும் என்னவாகும் என்று தாளில் கணக்குப் போடுங்கள். பிறகு ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் ஆய்வுக் கருவியில் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். அது விரும்பிய அகலம், சுருங்கிய அளவு, குறைந்தபட்ச எல்லை, இறுதி அகலம் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டும். தாளும் திரையும் ஒத்துப்போகும் வரை எண்களை மாற்றி மாற்றிப் பாருங்கள்.

அப்படிக் கற்றது அடுத்த பாடத்துக்கும் உதவும். 2017-இல் முக்கிய உலாவிகளில் வந்த சிஎஸ்எஸ் கிரிட்டில் ‘1எஃப்ஆர்’, அதாவது மிச்ச இடத்தில் ஒரு பங்கு, என்று பிரித்த பத்திகளும் இதேபோலப் பிதுங்கும். காரணம் அங்கும் அதே ‘ஆட்டோ’ குறைந்தபட்சம்தான். மின்மேக்ஸ் மூலம் அந்த எல்லையை 0 ஆக்கினால் பத்தி அடங்கும். ஃப்ளெக்ஸ்பாக்ஸின் கணக்கைப் புரிந்துகொண்டவருக்கு இதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.