அகரோசு மணியும் நோயின் இருப்பிடமும்: சபரகமுவைத் தோட்டங்களை முன்வைத்து ஒரு குறிப்பு

கிருமியினால் நோய் வருகின்றது என்பது நாம் பாடசாலையிற் படித்தது. கிருமி எவ்விடத்தில், எந்நிலையில் தங்க நேரிடுகின்றது என்ற வினாவை ஆய்வுகூடத்திற் கூர்மையாக எழுப்பிய பொருள்களுள் ஒன்று, மணற்றுகளினும் சிறிய அகரோசு மணியாகும். இலக்கிய மாணவனொருவன் இதனைப் பற்றி எழுதப் புகுவது விந்தையாகத் தோன்றலாம். சபரகமுவைத் தோட்டப்புறங்களின் நோய் வரலாற்றை வாசிக்குந்தோறும் இம்மணி நினைவுக்கு வருவதே அதற்குக் காரணம்.

அகரோசு என்பது செந்நிறக் கடற்பாசிகளிலிருந்து பெறப்படும் ஏகாரின் தூய கூறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ‘இலங்கைப் பாசி’ என்றும் ‘யாழ்ப்பாணப் பாசி’ என்றும் வழங்கியது இவ்வினப் பாசியையே. 1964இல் சுவீடனைச் சேர்ந்த ஸ்டெலான் யெர்தேன் அகரோசை நுண்மணிகளாக்கும் முறையொன்றை வெளியிட்டார். வெண்குழியங்களிலிருந்து குறித்த புரதமொன்றைப் பிரித்தெடுப்பதற்கு, பிறபொருளெதிரி பிணைக்கப்பட்ட இத்தகைய மணிகள் இன்றும் பயன்படுகின்றன.

எமக்கு வேண்டுவது மற்றொரு பயன்பாடு. 1979இல் அமெரிக்க ஆய்வாளர் குழுவொன்று, சூடோமோனாசு என்னும் பற்றீரியாவை எலியின் சுவாசப்பையில் நீடித்துத் தங்கச்செய்ய முயன்றது. சுவாசப்பையில் தடித்த சளி தேங்கும் பரம்பரை நோயாளரிடம் காணப்படும் ஓயாத தொற்றினை விளங்கிக்கொள்வதே நோக்கம். நலமுள்ள எலிக்குள் வெறுமனே செலுத்தப்படும் பற்றீரியாவை அதன் வெண்குழியங்கள் விரைவில் அகற்றிவிடும். ஆகவே இளஞ்சூடான ஏகார்க் கரைசலிற் பற்றீரியாவைக் கலந்து, சூடான எண்ணெயில் ஊற்றி வேகமாகக் கலக்கினர். கரைசல் துளிகளாகச் சிதறிற்று. குளிர்ந்ததும் துளிகள் மணிகளாக இறுகின. (பின்வந்தோர் அகரோசையும் இவ்வாறே பயன்படுத்தினர்.) அம்மணிகளோடு உட்புகுந்த அதே பற்றீரியா ஒரு மாதத்துக்கு மேலாக நிலைத்து நின்றது.

நிகழ்ந்தது யாது? கிருமிகளை விழுங்கி அழிக்கும் முதன்மையான வெண்குழியம் நடுநிலைநாடி. மணியோ அதனைவிடப் பன்மடங்கு பெரிது. உணவும் கழிவும் மணியின் நுண்துளைகளூடாகச் செல்லும்; குழியம் செல்லாது. மணியைச் சூழ்ந்து திரளும் நடுநிலைநாடிகள், விழுங்க இயலாத நிலையில், தம் நொதியங்களை வெளியே கொட்டுகின்றன. அவை சுவாசப்பையின் இழையங்களையே அரிக்கின்றன. எலியும் மாறவில்லை, பற்றீரியாவும் மாறவில்லை. மாறியது பற்றீரியாவின் இருப்பிடமே.

இருப்பிடம் பற்றிய இவ்வினா கேகாலைக்குப் புதிதன்று. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது அம்மாவட்டத்திற் பணியாற்றிய சூரியமல் இயக்கத்தினர், கொயினா மட்டும் போதாதென்பதைக் கண்டனர். நோயாளரிற் பலர் பட்டினியால் நலிந்தவர்கள். மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் தோழர்களும் மார்மைற்றை உருண்டைகளாக்கிக் கொயினாவுடன் வழங்கினர். புரதம் குன்றிய உடலில் வெண்குழியங்களின் கொல்திறனும் குன்றுமென்பது பின்வந்த ஆய்வுகள் காட்டிய செய்தி. 1936இல் ருவன்வெலத் தொகுதியில் என். எம். பெரேரா பெற்ற வெற்றிக்கு இப்பணி துணைநின்றதை அரசியல் வரலாறு அறியும்.

இன்று இப்பகுதியின் முதன்மையான அச்சங்களுள் ஒன்று எலிக்காய்ச்சல். 2008இல் நாட்டில் 7000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினரெனக் கருதப்பட்டது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கேகாலையும் ஒன்று. இரத்தினபுரியில் இந்நோய் ஆண்டுதோறும் மிகுதியாகக் காணப்படுகின்றது. டெங்கும் பரவும் இம்மாவட்டங்களில் வெண்குழியக் கணக்கெடுப்பு வைத்தியருக்கு முதற்றுப்பாக அமையும்: டெங்கில் அவை பொதுவாகக் குறையும், எலிக்காய்ச்சலில் நடுநிலைநாடிகள் பெரும்பாலும் பெருகும். ஆயினும் உரிய பிறபொருளெதிரி தோன்றுமுன் இக்கிருமியை அவை எளிதில் விழுங்குவதில்லை.

எலியின் சிறுநீர் கலந்த நீர், வெடித்த பாதத்தின் வழியே கிருமியை உட்செலுத்துகின்றது. லயன்களின் அடைபட்ட வடிகான்களும், சேற்று வயலும், இரத்தினக்கல் அகழும் குழியும் இங்குக் கிருமியின் உறைவிடங்கள். வயல் வேலைக் காலத்தில் விவசாயிகளுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரமொருமுறை டொக்சிசைக்கிளின் வழங்குவது பயனுள்ள நடைமுறையே. இறப்பர்ப் பால்வெட்டுக் கூலி போதாமல் பிறர் வயலுக்கும் குழிக்கும் இறங்கும் தோட்டத்து இளைஞனின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கின்றது? தோட்ட நிருவாகம் அவனை வெளியே வேலை செய்பவன் என்கின்றது. கிராமத்து விவசாயிகளின் பதிவிலோ அவனுக்கு இடமில்லை. மாத்திரை நீரில் இறங்குமுன்னரே கிடைக்க வேண்டும்.