மீம் எப்போது போராட்டமாகிறது?

செட்டிநாட்டில் தை பிறந்தால் மஞ்சுவிரட்டுப் பேச்சும் தொடங்கிவிடும். வலையபட்டியோ காரைக்குடியோ, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கவனமெல்லாம் சிராவயல் பக்கம்தான். தொழுவிலிருந்து வரும் காளைகள் ஒருபுறம் இருக்க, பொட்டலில் அவிழ்த்துவிடப்படும் கட்டுமாடுகளைப் பார்க்கவே தனிக் கூட்டம் சேரும். 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்கு விதித்த தடை, அலங்காநல்லூர் வாடிவாசலோடு இந்தப் பொட்டல்களையும் சேர்த்து அடைத்தது. 2017 ஜனவரியில் அதை எதிர்த்துத் தமிழகம் திரண்டபோது, இது மீம் போட்ட இளைஞர்களின் சாதனை என்று புகழ்ந்தவர்கள் உண்டு. ஆனால், மீம் பார்த்து மனம் மாறுகிறவர்கள் குறைவு. ஏற்கெனவே கோபத்தில் இருப்பவருக்கு, அதே கோபம் ஊர் முழுக்க இருப்பதை அது காட்டிக்கொடுக்கிறது. அதன் அரசியல் பலம் அங்கேதான் இருக்கிறது.

தனியாகக் கோபப்படுகிறவர் வீட்டிலேயே இருப்பார். துணைக்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் தெருவுக்கு வருவார். அலங்காநல்லூரில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்களைப் போலீஸ் பிடித்துச்சென்ற ஜனவரி 17 காலையில், மெரினாவில் கூடியது சிறு கூட்டம்தான். இரவுக்குள் அது ஆயிரக்கணக்கில் பெருகியது. விளக்குகள் அணைந்தபோது செல்போன் டார்ச்சுகள் கடற்கரையை நிறைத்தன. தடை கேட்ட விலங்குநல அமைப்பான பீட்டாவைக் கேலி செய்யும் படமும், எங்கே கூடுவது என்ற தகவலும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் வந்துகொண்டிருந்தன. மீம்களில் வரும் வடிவேலுவின் முகத்துக்கு யாரும் விளக்கவுரை எழுத வேண்டியதில்லை. கல்லூரி மாணவிக்கும் பைக் மெக்கானிக்குக்கும் அது ஒரே நொடியில் புரிந்துவிடும். வெளிநாட்டுக் குளிர்பானங்களுக்கு எதிரான குரல் அந்தக் கூட்டத்திலிருந்து கடைத்தெருவுக்கும் வந்தது. 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. கேலிக்குப் பின்னால் ஒரு கோரிக்கையும் கூடுவதற்கு ஓர் இடமும் இருந்ததால் நடந்தது அது.

அவை இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு வடிவேலுவின் நேசமணி பாத்திரமே சாட்சி. 2019 மே மாதம், பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு ஃபேஸ்புக் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் நேசமணியின் தலையில் சுத்தியல் விழும் காட்சியை உண்மைச் சம்பவம்போல ஒரு தமிழ் இன்ஜினீயர் பதிலாக எழுத, காண்ட்ராக்டர் நேசமணிக்கான பிரார்த்தனை உலக அளவில் ட்ரெண்டானது. பிரதமர் மோடி இரண்டாவது முறை பதவியேற்ற மே 30-லும் அந்த அலை ஓயவில்லை. அதில் அரசியல் தேடியவர்கள் பலர். ஆனால், யாரிடமும் எதுவும் கேட்காத அலை அது. வந்த வேகத்தில் வடிந்தது. மதுரை எய்ம்ஸ் கதை வேறு. 2019 ஜனவரி 27-ல் அடிக்கல் நாட்டப்பட்டு இரண்டு ஆண்டுகள் கழிந்தும் கட்டடம் எழவில்லை. 2021 தேர்தல் பிரசாரத்தில் உதயநிதி ஸ்டாலின் ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக் காட்டி, இதுதான் அந்த எய்ம்ஸ் என்றார். போனுக்கு வெளியே வந்த மீம் அது. பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று அந்தக் கையில் இருந்தது.

கட்சிகளின் ஐடி விங்குகளும் மீம் போடுகின்றனவே, பொய்யும் இதே வழியில்தானே பரவுகிறது என்ற கேள்வி நியாயமானது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் சுற்றின. பிழைக்க வந்தவர்கள் பயந்துபோனார்கள். செய்தவர் யார் என்று பார்ப்பதைவிட, சொன்னதைச் சரிபார்க்க முடியுமா என்று பார்ப்பதே சரியான உரைகல். எய்ம்ஸ் கட்டடம் எழவில்லை என்பதை, அடிக்கல் நாட்டிய தோப்பூருக்கு அன்று போன யாரும் கண்ணால் பார்த்திருக்கலாம். அந்த வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு அப்படி எந்த வழியும் இல்லை. இன்னொரு குறையை மறுக்கவே முடியாது. மெரினா போராட்டம் கலைக்கப்பட்ட 2017 ஜனவரி 23 கலவரத்தில் சென்னை நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. காளைக்காகக் கொந்தளித்த அளவுக்கு அந்த மீனவப் பெண்களுக்காக இணையம் கொந்தளிக்கவில்லை.

கேலி வெறும் பொழுதுபோக்கு என்றால் அதிகாரம் ஏன் இப்படிப் பதற வேண்டும்? 1987-ல் அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. 2012-ல், இன்றைய சிவகங்கை எம்.பி. கார்த்தி சிதம்பரத்தைப் பற்றிய ஒரு ட்வீட்டுக்காகப் புதுச்சேரி தொழிலதிபர் ஒருவர் கைதானார். அதற்குப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகும், 2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. விகடனால் உயர் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. உள்ளூர்ப் பிரமுகரைக் கேலி செய்து மீம் போட்ட கிராமத்துப் பையனுக்கு முதலில் வருவது காவல் நிலையத்திலிருந்து போன்தான். வக்கீல் வைக்க அவனிடம் பணம் இருக்காது. ஆனால், காவலில் இருக்கும் எவரும், வருமானம் எவ்வளவு என்றாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச வழக்கறிஞரைக் கேட்டுப் பெறலாம். குரூப் அட்மின்கள் ஃபார்வர்டு செய்ய வேண்டிய முதல் தகவல் இது.