பைதன் மொழியும் வழுவற்ற நடையும்

மொழி எதுவாயினும் அதில் எழுதப்படுவது பிறர் படித்தற்கேயாம். கணினிக்கென எழுதப்படும் செய்நிரலும் இவ்விதிக்குப் புறம்பானதன்று. செய்நிரலை இயக்குவது கணினி. ஆயின் அதனைத் திருத்தவும் விரிக்கவும் பிழை காணவும் வேண்டியவன் மனிதனே. எழுதியவன்றானே ஆறு திங்கள் கழிந்தபின் தன் செய்நிரலை அயலான் எழுத்தைப்போல் மயங்கிப் படித்தலும் உண்டு. ஆதலின் கணினிமொழிக்கும் நடையென ஒன்று உண்டு. அந்நடைக்குக் குணமும் உண்டு, குற்றமும் உண்டு. தமிழ் கற்பிப்பான் ஒருவன் இப்பொருள்பற்றி எழுதப் புகுந்தது இவ்வியைபு கருதியே.

இன்று உலகிற் பெரிதும் பயிலப்படும் கணினிமொழிகளுள் பைதன் ஒன்று. நெதர்லாந்து நாட்டினராகிய கைடோ வான் ரொசம் என்பார், அம்ஸ்ரடாம் நகரிலுள்ள கணித, கணினியியல் ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய காலத்தில், 1989 மார்கழியில் இதனை ஆக்கத் தொடங்கி 1991இல் வெளியிட்டார். பைதன் என்பது மலைப்பாம்பைக் குறிக்கும் சொல்லாயினும், ‘மொன்ரி பைதன்’ என்னும் ஆங்கில நகைச்சுவைக் குழுவை நினைந்தே அவர் இப்பெயரை இட்டார். நம் நாட்டிற் க. பொ. த. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணாக்கரும் இம்மொழியிற் பயிற்சி பெறுகின்றனர்.

முதற்கண் வரியமைப்பை நோக்குவாம். பழைய ஏட்டுச் சுவடிகளிற் புள்ளியில்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளியில்லை. பொருள் முடியுமிடங் காட்டும் குறியுமில்லை. படிப்பவனே பிரித்துணர்தல் வேண்டும். ஆறுமுக நாவலர் (1822–1879) உரைநடை நூல்களைச் சந்தி பிரித்தும் நிறுத்தக் குறிகள் இட்டும் அச்சேற்றியமையாற் கற்பார்க்கு உண்டான எளிமையை யாவரும் அறிவர். பைதனை ஆக்கியவரும் இதனையொத்த பயனையே கருதினார். பிறமொழிகள் பலவற்றில் ஒரு பகுதியின் தொடக்கமும் முடிவும் அடைப்புக்குறியாற் காட்டப்படும். வரியை உள்தள்ளி எழுதுதல் எழுதுவோன் விருப்பம். பைதனிலோ உள்தள்ளலே இலக்கணம். அது பிழைத்தாற் பொருள் மாறும். அன்றேற் செய்நிரல் இயங்காது நின்றுவிடும். 2001இல் எழுந்த ‘பெப் 8’ என்னும் நடை வழிகாட்டி, ஒவ்வொரு படிக்கும் நான்கு வெற்றிடம் உள்தள்ளுக என்றும், ஒரு வரி 79 எழுத்துக்களைக் கடவாதிருக்க என்றும் விதிக்கின்றது.

அடுத்தது பெயரீடு. ஒரு மாறிக்கு ஓரெழுத்துப் பெயரிட்டு விடுதல் எழுதுங்காலத்தில் எளிது, படிக்குங்காலத்தில் துன்பம். ‘மொத்தப் புள்ளி’, ‘தோற்றியோர் தொகை’ எனப் பொருள் விளங்கப் பெயரிடுக. அளவைக் குறிக்கும் பெயராயின் அதன் அலகையும் உடன் காட்டுக. செவ்வாய்க் கோளை ஆராய நாசா நிறுவனம் அனுப்பிய ‘மார்ஸ் கிளைமேற் ஓர்பிற்றர்’ என்னும் விண்கலம் 1999இல் இழக்கப்பட்டது. தரையிலிருந்த மென்பொருள் ஒன்று உந்துதலின் கணக்கை இறாத்தல் வழி அலகிற் கொடுக்க, அதனைப் பெற்ற மற்றொன்று நியூற்றன் வழி அலகெனக் கொண்டமையே அவ்விழப்பின் மூலம். எண் ஒன்று, அலகு இரண்டு, கலமோ மீளவில்லை.

நன்னூற் பாயிரம் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தெனத் தொகுக்கும். அவற்றுள் மூன்றைச் செய்நிரலில் நாடோறும் காணலாம்.

கூறியது கூறல் முதலாவது. ஒரே கணக்கை மூன்றிடத்திற் படியெடுத்து எழுதுவோன், பின்னர் ஓரிடத்திலே திருத்தி மற்றை இரண்டையும் மறப்பான். அக்கணக்கை ஒரு சார்பாக எழுதிப் பெயரிட்டு, வேண்டுமிடந்தோறும் அழைத்துக்கொள்வதே முறை. மிகைபடக் கூறல் இரண்டாவது. வரி செய்வதையே மீண்டும் சொல்லும் கருத்துரையாற் பயனில்லை. ஏன் அவ்வாறு செய்யப்பட்டது என்பதைச் சொல்வதே கருத்துரைக்கு அழகு. மயங்க வைத்தல் மூன்றாவது. ஒரு சார்பு ஒரு தொழிலையே செய்தல் வேண்டும். அன்றியும், எவ்வழு நேரினும் வாளா கடந்து செல்க எனக் கட்டளையிட்டு எழுதுவோரும் உளர். நோயைத் தீர்க்காது முனகலை மட்டும் அடக்குதலை ஒக்கும் அது. எதிர்பார்த்த வழுவைப் பெயர் கூறிக் கையாளுக, ஏனையவை வெளிப்படட்டும்.

வழு எத்துணைச் சிறியதாயினும் அதன் பயன் ஒருவன் தலையில் விழும். தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கணிக்கும் செய்நிரலை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவன் மூன்று பாடங்களில் 40, 60, 80 புள்ளிகள் பெற்றான், சராசரி 60. நான்காம் பாடத்துக்கு நோயினால் வரவில்லை. வராமையைச் சுழியமெனப் பதிந்தாற் சராசரி 45 ஆகும். வராமை வேறு, சுழியம் வேறு. பைதனில் இன்மையைக் குறித்தற்கு ‘நன்’ என்னும் தனிப்பெறுமானம் உண்டு. அதனை எண்ணோடு கூட்டப் புகின் மொழியே வழுவென அறிவித்து நின்றுவிடும். பிழையான விடையைப் பேசாது தருவதிலும் அவ்வாறு நிற்பது நன்று.

இன்னுமொன்று. 75 புள்ளிக்கு ‘ஏ’ சித்தி வழங்குமிடத்து ஒருத்தியின் சராசரி 74.5 என்க. நம் வழக்கப்படி அது 75 ஆகும். ஆனால் இன்றைய பைதனின் ‘ரவுண்ட்’ என்னும் சார்பு 74 என்றே விடை தரும்; 75.5ஐக் கொடுத்தால் 76 எனும். பாதி வருமிடத்து அணித்தான இரட்டை எண்ணைத் தெரிவது அதன் விதி. பெருந்தொகையான எண்களைக் கூட்டுங்கால் விடை ஒருபக்கம் சாயாதிருத்தற்கு அவ்விதி உதவும். ஆதலின் அது மொழியின் குற்றமன்று. நம் வழக்கு வேறாயின், ‘டெசிமல்’ என்னும் தொகுதியை அழைத்துப் பாதியை மேனோக்கி முழுமையாக்குக என வெளிப்படக் கூறல் வேண்டும். இதனை அறியாதான் எழுதிய செய்நிரல் பல்லாண்டு ஓடும். இழந்தவளும் அறியாள், எழுதியவனும் அறியான்.

இதனைத் தடுக்கும் வாயில் சோதனையே. செய்நிரலுக்குத் துணையாக மற்றொரு சிறு செய்நிரல் எழுதி, இன்ன உள்ளீட்டுக்கு இன்ன விடை வரல்வேண்டும் என முன்னரே குறித்து வைக்கலாம். 74.5க்கு 75, பட்டியல் வெறிதாயின் வகுத்தல் நிகழாது, வராதவர் உளராயின் இன்னது செய்க என்றாற்போல எல்லையிடங்களையே பெரிதும் சோதித்தல் வேண்டும். ‘யூனிற்ரெஸ்ற்’ என்னும் கருவி பைதனுடனேயே வருகின்றது. ‘பைரெஸ்ற்’ என்பது அதனினும் எளிது. செய்நிரலைத் திருத்துந்தோறும் சோதனைகள் அனைத்தையும் மீள இயக்குக.

பிற கருவிகளையும் சுருங்கக் கூறுவாம். ‘பைலின்ற்’, ‘ரஃப்’ என்பன செய்நிரலை இயக்காமலே படித்துக் குறை காட்டுவன; ‘லின்ற்’ என்பது துணியிற் படியும் பஞ்சுத் துகளின் பெயர். ‘பிளாக்’ என்பது வரியமைப்பை ஒரே நடைக்குத் திருத்தித் தரும். 2015 முதல், ஒரு மாறி எண்ணா, எழுத்துத் தொடரா என்னும் வகையையும் எழுதிக் காட்டலாம்; அதனைப் பைதன் தானே வலியுறுத்தாது, ‘மைபை’ போன்ற கருவி ஒப்பு நோக்கும். லைனஸ் ரோவால்ட்ஸ் 2005இல் ஆக்கிய ‘கிற்’ என்பது, யார், எதனை, எப்பொழுது மாற்றினார் என்ற வரலாற்றைக் காத்து வைக்கும்.

தமிழர்க்குச் சிறப்பாக ஒன்று. ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளம் யாது எனப் பைதனை வினவினால் 5 என்னும். நமக்கோ மூன்றெழுத்து. உயிர்க்குறியையும் புள்ளியையும் அது தனித்தனி எண்ணுதலே காரணம். மேலும், ‘கோ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் பதியலாம். இரு கூறாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. பழைய மாணவர் பெயரேட்டைக் கணினியில் அமைப்பார், பெயர்களை முதலில் ‘யூனிகோட்டேற்றா’ என்னும் தொகுதியால் ஒருபடித்தாக்கிக் கொள்ளாவிடின், ஏட்டில் உள்ள ஒருவரைத் தேடி இல்லையென விடை பெறுவர்.

செய்நிரலை இயந்திரமே எழுதித் தருங் காலம் இது. அது தருவதைப் படித்து நன்றிது, தீதிது எனத் தெரியும் திறன் முன்னையினும் இன்று மிக வேண்டப்படுவது. மாணாக்கர் இக்கருவிகள் அனைத்தையும் ஒருநாளிற் கைக்கொள்ளல் அரிது. முதலிற் பெயரைச் செம்மை செய்க. பின்னர்ச் சார்புகளைச் சிறியனவாக்குக. ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனையேனும் எழுதுக. ஏனைய தாமே வந்து சேரும். இத்துறையிற் பணியாற்றும் பழைய மாணவர் தம் செய்நிரல்களை இளையோர்க்குக் காட்டிக் குறை நிறை உணர்த்துவாராயின், கல்லூரிக்கு அவர் செய்யும் கைம்மாறு அதனினும் பெரிது பிறிதில்லை.