சிறுமலரின் முதற் பள்ளி

‘சிறுமலர்’ என்னும் பெயர் தாங்கிய கத்தோலிக்கப் பள்ளிகள் நம் நாட்டில் பல உண்டு. குழந்தை இயேசுவின் புனித தெரேசாளின் பாதுகாவலில் நம் பிள்ளைகளை ஒப்படைத்து மனநிறைவு கொள்கிறோம். ஆனால், அப்புனிதையோ தாம் பள்ளியில் கழித்த ஐந்து ஆண்டுகளையே தம் வாழ்வின் மிகத் துயரமான காலம் எனத் தம் வரலாற்றில் எழுதி வைத்துள்ளார். எட்டரை வயது வரை அவருக்கு வீடே பள்ளி, தமக்கையே ஆசிரியை.

சிறு குழந்தைகளை வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கலாமா என்னும் கேள்வி இன்று சில கத்தோலிக்கக் குடும்பங்களிலும் எழுகின்றது. “பள்ளியில் பிள்ளை வாடுகிறான்” என்று சிலரும், “விசுவாசத்தை வீட்டில்தான் ஊட்ட முடியும்” என்று சிலரும் கூறுகின்றனர். அவசரமாக விடை கூறுமுன், மார்ட்டின் குடும்பத்தின் வாசலில் சற்று நின்று உள்ளே நோக்குவது நன்று.

தாயை இழந்த வீடு

தெரேசாள் 1873, ஜனவரி 2 அன்று பிரான்சு நாட்டின் அலென்சோன் நகரில் பிறந்தார். தந்தை லூயி கடிகாரத் தொழில் செய்தவர். தாய் ஸெலி சரிகைப் பின்னல் தொழிலை நடத்தியவர். ஒன்பது குழந்தைகளுள் எஞ்சியவர் ஐந்து பெண்கள். மூத்தவள் மரி, இளையவளான செலினுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது, குட்டித் தெரேசாளும் வந்து அமர்ந்துகொள்வாள். மணிகளைக் கோக்கவோ துணியில் தையலிடவோ ஏதேனும் கொடுத்து அமர்த்துவார்கள். ஊசியினின்று நூல் கழன்றுவிட்டால் தானே கோக்கத் தெரியாது. பாடத்தைக் கலைக்கவும் துணிவு வராது. அப்போது ஓசையின்றிக் கன்னத்தில் கண்ணீர் வழியும். இதனைத் தாய் ஒரு கடிதத்தில் அன்போடு குறித்துள்ளார்.

1877, ஆகஸ்டு 28 அன்று ஸெலி புற்றுநோயால் இறைவனடி சேர்ந்தார். தெரேசாளுக்கு அப்போது நாலரை வயது. மனைவியின் தம்பியார் குடும்பம் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்கும் என்பதற்காக, லூயி தம் நண்பர்களையும் பழகிய ஊரையும் விட்டு லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார். லெயோனியும் செலினும் பெனடிக்டன் கன்னியர் நடத்திய பள்ளிக்குச் சென்றனர். கடைக்குட்டி மட்டும் வீட்டில் இருந்தாள். பதினாறு வயது பவுலின் அவளுக்குத் தாயும் ஆசிரியையும் ஆனாள்.

வீட்டில் கற்றது எவ்வாறு?

வீட்டுக் கல்வி என்றதும் கட்டுப்பாடற்ற செல்லம் என எண்ணுவோர் உண்டு. மார்ட்டின் வீட்டில் அவ்வாறில்லை. காலையில் பாடம், பாடம் முடிந்ததும் தந்தையின் மாடியறைக்கு ஓடி, பெற்ற மதிப்பெண்ணைக் கூற வேண்டும். மறைக்கல்வியும் திருமறை வரலாறும் சிறுமிக்கு இனித்தன. இலக்கணமோ அடிக்கடி அழவைத்தது. பிற்பகலில் தந்தையுடன் உலாவல். ஒவ்வொரு நாளும் ஓர் ஆலயத்தில் நுழைந்து நற்கருணை நாதரைச் சந்திப்பர்.

உலாவச் செல்லப் பவுலினின் அனுமதி வேண்டும். அவள் மறுத்துவிட்டால், தந்தை அழைத்தாலும் சிறுமி போகமாட்டாள். தந்தையே மகளிடம் வந்து பரிந்து பேசுவார். ஒருமுறை கூறியதைப் பவுலின் எளிதில் மாற்றுவதில்லை என்பதை அவர் நன்கறிவார். அந்த உறுதியை அவர் மதித்தார். ஒரே மாணவியாயினும் பரிசளிப்பு விழா முறையாக நடந்தது. உரிய தகுதியின்றி ஒரு பரிசும் வழங்கப்படவில்லை.

மாலையில் திருவழிபாட்டு ஆண்டைப் பற்றிய நூலினின்று சில பக்கங்கள் வாசிக்கப்படும். பின்னர் தந்தையின் மடியில் பாடல்; அதன்பின் குடும்ப செபம். புனிதர்கள் எவ்வாறு செபிக்கிறார்கள் என்பதை அறியத் தந்தையின் முகத்தைப் பார்த்தாலே போதுமாயிருந்தது என்கிறார் தெரேசாள்.

மறுபக்கமும் உண்டு

1881 அக்டோபரில் தெரேசாள் பள்ளியில் சேர்ந்தாள். வீட்டில் பெற்ற கல்வி சிறந்ததாகையால், தன்னைவிட மூத்த பெண்களின் வகுப்பில் அமர்த்தப்பட்டாள். அவளது வெற்றியைப் பொறாத ஒரு மூத்த மாணவி பலவாறு துன்புறுத்தினாள். எதிர்த்துப் பேச அறியாத சிறுமி அழுவதன்றி வேறொன்றும் செய்யவில்லை. மற்றப் பிள்ளைகளின் விளையாட்டிலும் அவளால் மனம் ஒன்றிக் கலக்க இயலவில்லை. படிப்பில் முன்னிறுத்திய அதே வீடு, கூட்டத்தில் நிற்க அவளைப் போதிய அளவு பழக்கவில்லை என்று கூறினால் அது புனிதைக்கு இழுக்காகாது. செலின் படிப்பை முடித்து நின்றபின் தனிமையும் தலைவலியும் மிகவே, 1886இல் தந்தை அவளை நிறுத்தி, ஓர் ஆசிரியையிடம் தனிப்பாடத்துக்கு அனுப்பினார்.

இன்னொரு மகளின் கதை இதனினும் வருந்தத்தக்கது. லெயோனியைத் துறவற அத்தை வாழ்ந்த மடத்துப் பள்ளியில் இருமுறை சேர்த்தும், அவள் திருப்பி அனுப்பப்பட்டாள். வீட்டிலோ, ஒரு பணிப்பெண் அவளை மறைவில் மிரட்டி அடக்கி வைத்திருந்தாள். தாய் அதே வீட்டில்தான் இருந்தார், மகள் மீது உயிரையே வைத்திருந்தார், இருந்தும் அறியவில்லை. தாய் நோயுற்றிருந்த 1877ஆம் ஆண்டில்தான் மரி அதனைக் கண்டுபிடித்தாள். வீடு என்பதனாலேயே வீடு பாதுகாப்பு ஆகிவிடாது என்னும் கசப்பான உண்மையை ஒரு புனிதையின் இல்லமே நமக்குக் கற்பிக்கின்றது. அந்த லெயோனி பின்னாளில் விசிட்டேஷன் சபைக் கன்னியரானார். அவரைப் புனிதராக்கும் பணி 2015இல் தொடங்கப்பெற்றது.

திருச்சபையும் சட்டமும்

கிறிஸ்தவக் கல்வி பற்றிய வத்திக்கான் சங்க ஏடு, 1965, அக்டோபர் 28 அன்று வெளியாயிற்று. பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர். இப்பணியில் அவர்கள் தவறினால் அதனை ஈடுசெய்வது அரிது என அது போதிக்கின்றது. கல்விக்குரிய வழிகளைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டு என்பதை 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 793ஆம் பிரிவில் கூறுகின்றது.

பிரான்சில் 1882ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 13 வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கியபோதும், அதனை வீட்டில் தந்தையே கற்பிக்கவும் இடமளித்தது. 2021இல் இயற்றப்பட்ட சட்டமோ முன்அனுமதியை வேண்டுகின்றது. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது. வீட்டுக் கல்வியை நாடுவோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். ஆனால் ஆறு வயதுக்கு முந்திய ஆண்டுகள்? மூன்று வயதிலேயே மழலையர் பள்ளியில் இடம்பிடிக்க ஓடும் நாம், அந்த ஆண்டுகளை யாருடையவை என்று எண்ணுகிறோம்?

பெற்றோரே, சிந்திப்பீர்!

லூயி மார்ட்டின் ஐந்து மகள்களுக்கும் ஒரே வழியை வகுக்கவில்லை. மூத்த இருவர் மடத்து விடுதியில் தங்கிப் பயின்றனர். செலின் நாள்தோறும் பள்ளி சென்று திரும்பினாள். கடைக்குட்டி முதலில் வீட்டிலும், பின் பள்ளியிலும், மீண்டும் தனிப்பாடத்திலும் கற்றாள். பிறர் செய்வதைப் பார்த்தன்று, தம் குழந்தையைப் பார்த்தே அவர் முடிவு செய்தார். முடிவு தவறெனக் கண்டபோது மாற்றவும் நாணவில்லை.

ஆகவே, பிள்ளையை வீட்டில் வைத்துக் கற்பிக்க விரும்பும் தாய்தந்தையர் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்: நாள்தோறும் தவறாது அமர்ந்து கற்பிப்பவர் யார்? ஒருவர் கூறும் சொல்லை மற்றவர் மதிப்பாரா? பிள்ளைக்கு ஒத்த வயதுத் தோழமை எங்கே கிடைக்கும்? நம் கண்ணுக்குத் தெரியாமல் அது அஞ்சும் ஆள் எவரேனும் வீட்டில் உண்டா? இவற்றுக்கு விடை கூற இயலாதார்க்குப் பள்ளியே நல்ல துணை.

பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரே, உங்களுக்கும் ஒரு சொல். பள்ளி வாசலில் பிள்ளையின் கையை விடும்போது, ஆசிரியர் என்னும் உங்கள் பதவியையும் அங்கேயே விட்டுவிட வேண்டாம். மாலையில் அதன் முகத்தை உற்றுநோக்குங்கள். இன்று யார் அடித்தார், யாருடன் விளையாடினாய் எனக் கேளுங்கள். இரவுச் செபத்தின்போது அது உங்கள் முகத்தைப் பார்க்கும். அங்கே அது கற்பதை எந்தப் பள்ளியும் கற்பிக்க இயலாது.

ஜூலை 12ஆம் நாள் திருச்சபை புனித லூயி, புனித ஸெலி தம்பதியரை நினைவுகூர்கின்றது. நம் குழந்தைகளைக் கண்டறியும் கண்களை ஆண்டவர் நமக்கு அளிக்குமாறு அவர்கள் வழியாக மன்றாடுவோமாக!