தோலில் தங்கிய மருந்தைக் காட்டும் கருவி

மருந்து தெளித்த தக்காளியில் வெண்படலம் தென்படின், அதைத் துடைத்துவிட்டுச் சந்தைக்கு அனுப்பும் கமக்காரர் உளர். படலம் போனதும் மருந்தும் போயிற்றென்பது அவர்கள் எண்ணம். ஆனால் தூள் மருந்துகள் பலவற்றில் களிமண் போன்ற நிரப்புப் பொடியும் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரிவதில் அதுவும் ஒரு பங்கு. நஞ்சின் மூலக்கூறுகள் தனித்தனியே கண்ணுக்குப் புலப்படா. அவற்றை இனங்காண உதவுவது திணிவுத் திருசியமானி என்னும் கருவியாகும்.

நெல்லைத் தூற்றும்போது பதர் தொலைவிலும் மணி அருகிலும் விழுகின்றன அன்றோ? இக்கருவியும் மூலக்கூறுகளைத் திணிவுக்கேற்பப் பிரிக்கின்றது. காற்றின் வேலையை இங்கே மின்விசையோ காந்தவிசையோ செய்யும். அதற்கு மூலக்கூறுகள் முதலில் மின்னேற்றம் பெற்று அயன்களாதல் வேண்டும்.

காயிலுள்ள மருந்தை அறியக் காயை அரைத்து, கரைப்பானிற் கலக்கி, வடித்துத் தூய்மையாக்கிய சாற்றையே கருவிக்குக் கொடுத்து வந்தனர். 2004 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரகாம் குக்ஸ் குழுவினர் வேறொரு வழியை வெளியிட்டனர். மெதனோலும் நீரும் போன்ற திரவக் கலவையை மின்னேற்றி, நைதரசன் வாயுவின் வேகத்தால் நுண்துளிகளாகப் பொருளின்மேல் வீசுதலே அவ்வழி. முதலில் விழும் துளிகள் மேற்பரப்பை நனைக்கும். அங்குள்ள மூலக்கூறுகள் அந்த ஈரப்படையிற் கரையும். பின்வரும் துளிகள் மோத, அவை திவலைகளாய்த் தெறித்துக் கருவியின் வாயினுள் இழுக்கப்படும். திரவம் ஆவியாக, அயன்கள் எஞ்சும். இவையெல்லாம் திறந்த காற்றிலேயே சில விநாடிகளில் நடைபெறும். காயை அரைக்க வேண்டியதில்லை.

கார்பென்டாசிம் என்னும் பங்கசுநாசினியை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூற்றுத் திணிவு 191. ஐதரசன் அயனொன்றைச் சேர்த்துக்கொண்டு அது 192 இற் தோன்றும். அதே திணிவுள்ள வேறு பொருளும் இருத்தல் கூடுமாதலால், 192 ஐ மட்டும் பிரித்தெடுத்து வாயுவுடன் மோதவிட்டு உடைப்பர். கார்பென்டாசிமாயின் 32 நீங்கி, 160 இல் ஒரு துண்டு தோன்றும். பெயரை ஐயமின்றிச் சொல்ல இவ்விரண்டாம் சோதனை இன்றியமையாதது.

எனினும் இம்முறை மேற்பரப்பையே காட்டும். கார்பென்டாசிம் பயிரினுள் ஊடுருவும் மருந்து. தோலிற் குறைந்து தோன்றுவதால் சதையினுள் இல்லையென்று கொள்ளலாகாது. காயின் வளைவும் தோலின் மெழுகும் அளவை மாற்றிக் காட்டும். ஆதலால் எச்சத்தின் அளவைச் சரியாகக் கணிக்க ஆய்வுகூடங்கள் இன்றும் காயை அரைத்துச் சாறெடுக்கும் முறையையே பெரிதும் நாடுகின்றன.

துடைத்தலும் கழுவுதலும் தோலிலுள்ளதையே குறைக்கும். உள்ளே சென்றது நாட்செல்லச் சிதைந்தே குறைதல் வேண்டும். கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாட்களைப் பொதியின் மேல் அச்சிடுவது இதன் பொருட்டே. அந்நாட்கள் பயிருக்குப் பயிர் வேறுபடும். தக்காளிக்குக் குறித்ததை மிளகாய்க்கு எடுத்துக்கொள்ளலாகாது.